இரண்டாம் மாடியில் இருக்கிறது

மும்பை செம்பூரில் எங்கள் தெருமுனை டாக்டர் சின்னப் பெண். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. போன வாரம் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாமி, நீங்க தண்ணியே குடிக்கறதில்ல. ஒரு பாட்டில் வாங்கிக் கையிலயே வெச்சுக்கோங்கோ" என்றாள். வாங்கினேன். காலையில் நிரப்புகிறேன், சாயங்காலம் அப்படியே இருக்கிறது. தாகம் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. ஏன் என்று அவள் கேட்டாள். ஒரு கட்டடம்தான் காரணம் என்று சொன்னால் மண்டைக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுப்பாளோ என்று பேசாமல் வந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

எண்பதுகளின் தொடக்கம். மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்டாக உட்கார்ந்திருந்தேன். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், அங்கே இருந்தவர்கள் சிலர் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பழைய ஷெட்தான் ஆபீஸ். வெயிலில் மண்டை காயும், மழையில் கார்பன் பேப்பர் ஊறும். ஆனால் பின்பக்கம் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. தகரக் கதவு, தாழ்ப்பாள் விழாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். எனக்குக் காவல் நின்றவள் ஜெய்தூன்.

அவளும் டைப்பிஸ்ட். என்னைவிட வேகம், அதை நான் கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் வாப்பாவுக்குத் தோல்பை தைக்கிற பட்டறை. அந்த வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிய முதல் பெண் அவள்தான். "எனக்குக் கீழ மூணு தங்கச்சியோ இருக்காளுவ. நான் ஒரு குத்தங்கொறை இல்லாம போய்ட்டு வந்தாத்தான்ட்டி அவளுவளுக்கும் கதவு தெறக்கும்" என்பாள். ஒரு லீவு போட மாட்டாள். காய்ச்சலோடு வந்து அடிப்பாள்.

அப்போதுதான் புதுக் கட்டடம் வரப்போகிறது என்றார்கள். ஆர்க்கிடெக்ட் அட்டையில் கட்டடத்தின் மாதிரி ஒன்று செய்து கொண்டுவந்து துறைத்தலைவர் மேஜையில் வைத்தார். அந்தப் பசை வாசனை ஒரு வாரம் ஆபீஸ் முழுக்க இருந்தது. ஸ்பாஞ்சில் மரங்கள், கண்ணாடித் தாளில் ஜன்னல்கள், வாசலில் கைப்பையோடு விரல்நுனி உயரத்தில் இரண்டு பெண்கள். "ஏட்டி, இது நீ, இது நான்" என்றாள் ஜெய்தூன். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம் போய், அரண்மனை மாதிரி வருகிறது என்று அளந்துவிட்டேன்.

கட்டி முடித்தார்கள். மந்திரி வந்தார், ரிப்பன் வெட்டினார், எல்லோருக்கும் ஆளுக்கொரு பேடா. புதுச் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அதை முகர்ந்தபடி நானும் ஜெய்தூனும் தரைத்தளம் முழுக்கச் சுற்றினோம். பேடா தின்றாயிற்று, தண்ணீர் குடித்தாயிற்று, இடம்தான் தெரியவில்லை. தரைத்தளத்தில் "ஜென்ட்ஸ்". முதல் மாடியில் இந்தப் பக்கம் "ஜென்ட்ஸ்", அந்தப் பக்கமும் "ஜென்ட்ஸ்". கடைசியில் வெட்கத்தை விட்டு, வேலையை மேற்பார்த்த மராத்திக்காரரிடம் கேட்டோம். மனிதர் விரலை மேலே காட்டி, "வர் ஆஹே, தாயி" என்றார். மேலே இருக்கிறதாம்.

ஏறினோம். படிகள் ஒரு தகரக் கதவில் போய் முட்டின. தள்ளினால் வெட்டவெளி. மொட்டைத் தளத்தில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, ஓரத்தில் ஒரு குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. காக்கை ஒன்று எங்களைப் பார்த்துக் கத்தியது. பிளான்படி பெண்கள் கழிப்பறை இரண்டாம் மாடியில். இரண்டாம் மாடிக்குப் பணம் இல்லை என்று முதல் மாடியோடு நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஆர்க்கிடெக்ட்டைத் திட்டவும் முடியவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆண்கள் நடமாட்டம் இல்லாமல், நல்ல காற்றோட்டமாக, பெண்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று யோசித்து யோசித்து மேலே வைத்தாராம். மகராசன்! அடுத்த வாரமே பழைய ஷெட்டையும் இடித்துப் புல் விதைத்துவிட்டார்கள்.

துறைத்தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே. அந்தக் காலத்தில் அந்த வார்த்தையை ஒரு ஆண்பிள்ளை முன்னால் வாயில் எடுப்போமா? "லேடீஸுக்கு ஒரு கஷ்டம் சார்" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தப் பையன் கலாட்டா பண்ணுகிறான், பெயரைச் சொல் என்றார். ஜெய்தூன்தான் பட்டென்று போட்டு உடைத்தாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. "தோடா அட்ஜஸ்ட் கரோ" என்றார். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளவாம்! எதைப் பொறுப்பது, எப்படிப் பொறுப்பது?

"சார், முதல் மாடியில ரெண்டு இருக்கே, ஒண்ணுல போர்டை மாத்துனா போதும்" என்றாள். நியாயம்தானே என்று அவரே தலையாட்டி, எழுதியும் அனுப்பினார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. கட்டட வேலைகளைப் பார்க்கும் பிரிவிலிருந்து பதில் வந்தது. அந்தக் கட்டடத்தின் பிளானில் பெண்களுக்கான கழிப்பறை ஏற்கனவே இருக்கிறது, ஆகவே இரண்டாவது ஒன்றுக்கு அனுமதி இல்லை. படித்துவிட்டு ஜெய்தூன் சிரித்தாள். எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்து யார் தலையிலாவது போட வேண்டும் போல இருந்தது.

மைதானத்தைத் தாண்டி, கேன்டீனுக்குப் பின்னால் ஒன்று உண்டு. படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிற பையன்கள் எல்லோருக்கும் நாங்கள் எங்கே போகிறோம் என்று தெரியும். மழைக்காலத்தில் முழங்கால் சேறு. போய்வருவதற்குள், சீட்டில் ஆளைக் காணோமே என்று பியூன் தேடிக்கொண்டு நிற்பான். எனவே தண்ணீரை நிறுத்தினோம். நான் காலையில் காபியைக்கூடப் பாதியாக்கினேன். ஜெய்தூன் வீட்டில் புறப்படும் முன்பே நிறுத்திவிடுவாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் விழுந்தாள். குளிர் நடுக்கம், எரிச்சல், முதுகில் வலி. சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார் டாக்டர். தாராவிக்குப் பார்க்கப் போனேன். பட்டறைக்கு மேலே ஓர் அறை, தோல் வாசனை. வாப்பா ஒன்றும் புரியாமல், "வேலை சாஸ்தியாம்மா?" என்று கேட்டார். ஜெய்தூன் கண்ணால் வேண்டாம் என்றாள். எனக்கு அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த வார்த்தை உட்பட.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். உம்மாதான் பேசினாள். "இந்தச் சந்துல நாங்க விடியக்காலம் வாளியத் தூக்கிட்டு வரிசையில நிக்கோம். பத்துப் பேருக்குப் பொறவாவது வந்துருதுல்லா. அம்புட்டுப் பெரிய படிப்பு படிக்க எடத்துல அதுகூட இல்லையாம்மா?" பிளானில் இருக்கிறது என்று சொல்லவா?

ஜெய்தூன் திரும்பி வரவில்லை. வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுக்க வந்த அன்று மட்டும் பார்த்தேன். மிஷினைத் துடைத்து, மூடி போட்டுவிட்டுப் போனாள். தங்கச்சிகளை வாப்பா வேலைக்கு அனுப்பவில்லை.

எண்பதுகள் முடியப்போகிற சமயம் இரண்டாம் மாடி வந்தது. ஆர்க்கிடெக்ட் சொன்னது பொய்யில்லை. வெள்ளை டைல்ஸ், வரிசையாகக் கதவுகள், பெரிய ஜன்னல், பிய்த்துக்கொண்டு போகிற காற்று. நான் ஒரு கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே நின்று அழுதேன். தாழ்ப்பாள் அழகாக விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவண்டிக்குப் போனேன். ஜெய்தூன் கல்யாணமாகி அங்கேதான் இருந்தாள், மடியில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. சேதியைச் சொன்னேன்.

"நல்லா கெட்டிருக்காவளாட்டி? சன்னல் இருக்கா?"

"இருக்குடி. நன்னா இருக்கு."

"எம் மிசின்ல இப்ப யாரு உக்காந்திருக்கா?"

"ஒரு பையன்."

"பொண்ணு இல்லையா?"

"இல்லடி. லேடீஸை எடுத்தா இந்தத் தொந்தரவு வருதுன்னு உனக்கப்புறம் யாரையுமே எடுக்கலை. மத்தவாளும் மாத்தல் வாங்கிண்டு போயிட்டா. நான் ஒருத்திதான்."

மடியில் இருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அப்போ அம்புட்டையும் ஒனக்காவா கெட்டுனாவ?" என்று கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மாதிரி ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். தளத்துக்குத் தளம் பெண்களுக்கு உண்டாம். கோவண்டியில் அவள் இருந்த சந்தும் போய்விட்டது. தேடிப்போனேன், அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. நான் முழு சர்வீஸும் முடித்து, மாலை போட்டுக்கொண்டு, சால்வை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். ஜெய்தூன் எனக்கு ஆறு மாதம் சீனியர். அந்த மாலை முதலில் அவள் கழுத்தில் விழுந்திருக்க வேண்டும்.