ஸஹ்லாவிடம் கேட்காத கேள்வி

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, கண்டியில் ஒரு சிறுவர் உளநலக் கிளினிக்கில் உளவளத்துணையாளராக நான் சேர்ந்த முதல் வாரமே இம்ரானின் ரெஃபரல் வந்தது. பக்கத்து ஊரான அக்குறணைப் பையன், பத்து வயது. தாய் இறந்து நான்கு மாதம். வகுப்பில் கதிரையைத் தூக்கி எறிகிறான், பிள்ளைகளுக்கு அடிக்கிறான் என்று அதிபர் எழுதியிருந்தார்.

தகப்பனுக்குக் கடையை விட்டு வர முடியாது. சனிக்கிழமைகளில் பதின்மூன்று வயது அக்கா ஸஹ்லாதான் அவனை பஸ்ஸில் கூட்டிவருவாள். உள்ளே அவனுக்கு பிளே தெரபி, விளையாட்டு வழிச் சிகிச்சை, நடக்கும்போது, வெளியே வாங்குப் பலகையில் இருந்து பாடம் படிப்பாள்.

"வீட்டில இம்ரான் எப்பிடி, ஸஹ்லா?"

"தம்பி இப்ப நல்லம் மிஸ்."

கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுப்பேன்.

எட்டு மாதத்தில் இம்ரான் தேறினான். கடைசி செஷனுக்குத் தகப்பனும் வந்தார். ஃபைலை மூடும்போது தயங்கி நின்றார்.

"மிஸ், போன கிழம மகள் ஸ்கூல்ல மயங்கி விழுந்திட்டா. டொக்டர் பர்தாவக் கழட்டிப் பாத்தா, உச்சியில முடியே இல்ல. அவளே ஒவ்வொண்டாப் புடுங்கியீக்கிறா."

பல மாதமாக வயிற்றுவலி என்று அவள் மருந்து குடித்துவந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"தம்பி கத்தினா எல்லாரும் ஓடி வார. நானும் அழுதா வாப்பா என்ன செய்ற, மிஸ்?" நிலத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்களும் தம்பியப் பத்தித்தானே கேட்ட."

ஆண்பிள்ளைகளின் துயரம் பெரும்பாலும் வெளியே வெடிக்கும், பெண்பிள்ளைகளுடையது உள்ளே போய் உடம்பைத் தின்னும் என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவள் நான்.

அடுத்த சனிக்கிழமைக்கு நாள் கொடுத்தேன். அவள் வரவில்லை. தகப்பனுக்கு போன் எடுத்தேன்.

"ஆம்புளப் புள்ளண்டா பரவாயில்ல மிஸ். பொம்புளப் புள்ள இந்தக் கிளினிக்குக்கு வாரத நாலு பேர் கண்டா, நாளைக்கு அவட கலியாணம்?"

இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள். ஸஹ்லா அறையை விட்டு வரவேயில்லை. அந்த வருடமே பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தொந்தரவு தராத பிள்ளையையும் தனியாக இருத்தி, "உங்களுக்கு எப்பிடி?" என்று கேளுங்கள். அதன்பின் நான் ஒரு பிள்ளையிடமும் கேட்காமல் விட்டதில்லை. ஸஹ்லாவுக்கு அது உதவவில்லை.