தாவணியோடு போட்ட பந்து

பிள்ளைகளா, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசித்துவிட்டு பெஞ்சுக்கு அடியில் அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மெட்ராஸிலிருந்து வந்த கூடைப்பந்து அக்கா இன்று என்னோடு பேசினார்கள். பந்து விளையாடுவதற்கென்றே ஆபீசில் சம்பளம் வாங்குகிறவர்கள், நம் கரிசல் மைதானத்தில் வந்து நின்றார்கள்.

நான் வழக்கம்போல வேப்பமரத்தடியில் இருந்தேன். தாவணி போட்ட பிறகு மைதானத்தில் கால் வைத்தால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியும்.

பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்து நீட்டினேன். அக்கா என் விரல்களைப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது?"

"தீப்பெட்டி ஒட்டுத பசைக்கா."

"நல்லதாப் போச்சு, பந்து நழுவாது. வந்து போடு."

"தாவணி போட்டாச்சுக்கா. அப்பா படிப்ப நிறுத்திருவாவ."

அக்கா சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் இதையேதான் சொன்னாங்க" என்று என் தாவணி முனையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டார்கள்.

போட்டேன். வளையத்தில் உரசாமல் உள்ளே விழுந்தது.

திரும்பினால், மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு சித்தப்பா நிற்கிறார். "ஏட்டி, அண்ணன் வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஊருக்குப் போன அப்பா காலை ரயிலில் வருகிறார். அதற்கு முன்பே இதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிடுவேன். நாளைக்கு என் இடம் காலியாக இருந்தால் காரணம் இதுதான்.

சித்தப்பா எப்படியும் சொல்லிவிடுவார். பந்து உள்ளே விழுந்ததையும் சேர்த்துச் சொல்வாரா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?