பன்னீரோடு வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சிதம்பரம் பேருந்துக்காகக் கடலூருக்குத் தெற்கே ஒரு நிறுத்தத்தில் நிற்கிறேன். பக்கத்தில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் குங்குமம் வைத்த ஓர் அம்மா பன்னீர் பாட்டிலோடு தயங்கி நிற்கிறார்.

"உள்ள போவலையாம்மா?" என்று கேட்கிறேன்.

"பக்கத்து வூட்டு பிலோமினாவ வெள்ளிக்கிழமை இங்கதான் அடக்கம் பண்ணாங்க. இருவது வருசப் பழக்கம். ஆனா எங்கள்ல பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போவ மாட்டோம். எம் புள்ள செந்தில தூக்கிட்டுப் போனப்பகூட தெருமுனையிலயே நின்னுட்டேன். இங்க எப்படி கால் வைக்கிறது?"

அதற்குள் பிலோமினாவின் மகள் பூவும் மெழுகுவத்திகளுமாக வந்துவிடுகிறாள். அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"அத்த, ஏசுவோட கல்லறைக்கு மொதல்ல போனதே பொம்பளைங்கதான். இதே மாதிரி ஞாயித்துக்கெழம விடிகாலைல, வாசனைப் பொருள எடுத்துக்கிட்டுப் போனாங்க. நீங்களும் வாங்க."

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். வாசலை ஒட்டியே புது மண்மேடு. குனிந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பன்னீரைத் தெளிக்கிறார். ஈர மண்ணின் வாசனையும் பன்னீர் வாசனையும் என்வரைக்கும் வருகின்றன. என் பேருந்து வந்து நின்று கிளம்புகிறது. அசையத் தோன்றாமல் நிற்கிறேன்.

"பிலோமினா, பிலோமினா" என்று மண்ணைத் தடவி அழுகிறார் அவர். அழுதுகொண்டே இருந்தவர் திடீரென்று, "செந்திலு, அம்மா வந்துட்டேன்டா" என்கிறார்.

பிலோமினாவின் மகள் தன் அம்மாவுக்கு ஏற்றிய மெழுகுவத்திக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றி வைக்கிறாள்.