கரண்டு நம்பரை எழுதிக் கொடுத்த வருஷம்

டீசல் வாடை எனக்குப் பிடிக்காது என்று இருபத்தெட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டுக்காரர் சட்டையை எத்தனை தடவை அலசினாலும் அது போகாது. சோப்புக்கட்டி கரையும், வாடை அப்படியே நிற்கும். அவர் போய் மூன்று பொங்கல் ஆகிவிட்டது. போன வாரம் குடவாசல் கடைத்தெருவில் யாரோ ஆயில் இன்ஜின் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வாடை மூக்கில் பட்டதும் காய்கறிப் பையோடு நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். இந்த வாடைக்கு ஒருநாள் ஏங்குவாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்களுக்கு ஏழு மா நிலம், வாய்க்கால் போய் முடிகிற இடத்தில். ஆற்றில் தண்ணீர் விட்டால் மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்து மீந்தது எங்களுக்கு. மீந்திருக்காத வருஷமும் உண்டு. அதனால் போர் போட்டிருந்தோம். அதற்கு இலவசக் கரண்டு கேட்டு, எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷமே அவர் பதிந்துவைத்திருந்தார். பதிந்தால் ஒரு நம்பர் தருவார்கள். வரிசைப்படி நம் முறை வரும்போது இணைப்பு. எங்கள் பெண் பிறந்து, படித்து, கல்யாணமாகித் திருப்பூருக்கும் போய்விட்டாள். முறை வரவில்லை. அந்தச் சீட்டுக்கு அவர் பிளாஸ்டிக் உறை போட்டு, பட்டாவோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். ஒவ்வொரு சித்திரையிலும் எடுத்துப் பார்த்து, "இந்த வருஷம் நம்ம நம்பர் வந்துடும்" என்பார்.

அதுவரைக்கும் இன்ஜின்தான். அதைக் கிளப்புவது ஒரு பெரிய சடங்கு. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஹேண்டிலை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சுற்று சுற்றுவார். இருமி இருமி அது பிடித்துக்கொண்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அந்த மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் காது வயலில் இருக்கும். சத்தம் லேசாக மாறினால் போதும், கையைக் கழுவாமல் ஓடுவார்.

அப்போதுதான் வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்து சோலார் பம்புக்குக் கூட்டம் போட்டார்கள். திரை கட்டிப் படம் காட்டினார்கள். டீசல் புகை, கார்பன், பூமி சூடாகிறது என்று ஒரு சின்ன வயசு அதிகாரி அருமையாகத்தான் பேசினார். எல்லாரும் தலையாட்டினோம். பூமி கெட்டுப்போனது எங்களுக்குத் தெரியாதா? அறுப்பு நேரத்தில் மழை கொட்டி, நெல் கதிரிலேயே முளைவிட்டதைப் பார்த்து அழுதவர்கள் நாங்கள். ஆனால் கேள்வி கேட்கச் சொன்னபோது ஒருத்தரும் பூமியைப் பற்றிக் கேட்கவில்லை. ராத்திரி ஓடுமா என்றார்கள். ஓடாது. மப்பு போட்டால்? குறைவாக ஓடும். பேனல் இடியை இழுக்குமாமே? இழுக்காது, இடிதாங்கியும் வைத்துத் தருவோம். பயிருக்குப் போக வேண்டிய வெயிலை அது உறிஞ்சிக்கொள்ளாதா என்று ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில்தான் நிபந்தனையைச் சொன்னார். பெரும்பகுதி மானியம், ஆனால் சோலார் வாங்குகிறவர்கள் இலவசக் கரண்டுக்குப் பதிந்த நம்பரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அதோடு கூட்டம் கலைந்தது. எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். முதல் ஆள் என் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. "அந்த நம்பருக்கு நம்ம பொண்ணவிட வயசு கூடுதுங்க. அதுக்கும் ஒரு மாப்பிள்ளை பாத்துக் கட்டிக் குடுத்துடுவோமா?" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நாளைக்கே முறை வந்துட்டா என்னடி பண்ணுவ?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. அத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, வருகிற நேரத்தில் எழுந்து போய்விட்டோம் என்று ஆகிவிடுமே என்கிற பயம். பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நிற்பவருக்கு வருமே, அது.

அந்த ஆவணியில் இன்ஜின் ஹேண்டில் திருப்பி அடித்து அவர் மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு இன்ஜின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்து என் முன்னால் போட்டார்.

"எழுதிக் குடுத்துடறேன். ஆனா ஒரு பேச்சு. இந்த ஒரு சம்பா உன் கண்ணாடி மோட்டாரை நம்பிப் பயிர் வெக்கிறோம். தேறுச்சுன்னா சரி. தேறலேன்னா தை கடைசியில நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டுத் திருப்பூர் போயிடுவோம். பக்கத்து ஊர்ல ஆள் கேட்டுக்கிட்டு இருக்காரு. அப்புறம் நீ வாயத் தெறக்கக் கூடாது."

சரி என்றுவிட்டேன். மகள் தங்கமானவள், மருமகனும் அப்படித்தான். ஆனால் அங்கே இரண்டு அறை. வந்தவர்கள் உட்கார்ந்தால் நாம் எழுந்திருக்க வேண்டும். இங்கே எந்த மூலையில் கோரை கிளம்பும், எந்த மடை ஒழுகும் என்று என் உள்ளங்காலுக்குத் தெரியும். இந்த ஏழு மாவை விட்டுவிட்டு நான் திருப்பூரில் என்ன செய்வேன், டிவி பார்ப்பேனா?

பேனல்களைத் தெற்கே பார்த்து நிறுத்தினார்கள். வீட்டிலிருந்து போகிற வரப்பு வடக்குப் பக்கம். எனக்குத் தினமும் தெரிவது அவற்றின் முதுகுதான். சுவிட்சைத் தட்டினால் சத்தமே இல்லாமல் தண்ணீர் விழுந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. அவர் மட்டும் கிட்டே வரவில்லை. "உன் மோட்டார்" என்றுதான் சொல்வார். இன்ஜினைத் தார்ப்பாய் போட்டு மூடி, வாரத்துக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார். சத்தம் இல்லாதது அவரை என்னமோ செய்தது. சாப்பாட்டில் கை நிற்கும், காதைத் தீட்டுவார், பிறகு ஒன்றும் கேட்காமல் சாப்பிடுவார். பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. நாற்று விட்டது போர்த் தண்ணீரில், நட்டதும் போர்த் தண்ணீரில். ஐப்பசியில் மப்பு போட்டு மோட்டார் சோர்ந்தபோது டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். மப்பு போட்டால் மழை பெய்கிறது, மழை பெய்தால் மோட்டார் எதற்கு என்று நான் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் மூங்கில் கழியில் துணி சுற்றிப் பேனலைத் துடைப்பேன். நட்டது பிந்தியதால், பொங்கல் சமயம்தான் கதிரில் பால் பிடித்தது. மழை ஓய்ந்து, வாய்க்காலும் தரை தெரிந்துவிட்டது. அந்தப் பத்துப் பதினைந்து நாள் மண் காயக் கூடாது. காய்ந்தால் அத்தனையும் பதர்.

மாட்டுப் பொங்கலுக்கு நான் விடிவதற்கு முன்பே அடுப்பில் இருந்தேன். அவர் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்து, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, நெட்டி மாலை கட்டினார். மஞ்சள் கிண்ணம் எங்கே என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார். வருஷா வருஷம் நடப்பதுதானே, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் சுவிட்சைத் தட்டினேன். குழாயில் நூல் மாதிரி ஒழுகியது. தைப் பனி, மூட்டம் விலகட்டும் என்று இருந்தேன். உச்சி வெயிலிலும் அதே நூல்தான். பழுதுபார்க்கிற இடத்துக்குப் போன் செய்தேன். "பெட்டியத் தொடாதீங்கம்மா, பொங்கல் லீவு, ஆள் வந்துடுவாங்க" என்றார்கள். அடுத்த நாளும் வரவில்லை. கோளாறு என்றால் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று நான் அதில் எரிகிற சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகிக்கு முன்னால்தான் பேனலைத் துடைத்திருந்தேன். அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மேட்டுப் பக்கம் மண் வெடிப்பு விட ஆரம்பித்தது.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்ன, கண்ணாடி மோட்டாரு பொங்கல் லீவா?" என்றார். தொலைந்தேன், பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரர் இன்றைக்கு 'சொன்னேனா' என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "எதுலதான் பழுது வரல? உங்க கரண்டு மோட்டாருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ காயில் கட்டுறீங்களே, நாங்க கேட்டமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீம்பை விட்டுவிட்டு நானே சொன்னேன், "இன்ஜினக் கொண்டாங்க. பயிரு முக்கியம்."

"ஒரு நாள் பாப்போம். ஆள் வரட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் மதியம் திருவாரூரிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். எங்கள் மகள் வயசுதான் இருக்கும். பெட்டியைத் திறந்து ஒரு பார்வை, மூடிவிட்டுச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனாள். "அம்மா, இங்க வாங்க" என்றாள். போனேன். அவரும் பின்னால் வந்தார், சற்றுத் தள்ளி.

ஒவ்வொரு பேனலுக்கும் நிலைப்படிக்குப் பூசுகிற மாதிரி கீழ் விளிம்பு நெடுக உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். அதன் மேல் வரிசையாகக் குங்குமம். நடுவில் மூன்று விரலால் இழுத்த சந்தனம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தொங்கவிட்ட நெட்டி மாலை. வெயிலில் எல்லாம் காய்ந்து இறுகி ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலுக்குக்கூட அத்தனை சிரத்தையாக யாரும் பூசியதில்லை.

"கீழ் வரிச மறைஞ்சாலே மொத்தப் பேனலும் படுத்துடும்மா. எல்லாத்துலயும் இப்படிப் பூசி வெச்சா எப்படித் தண்ணி வரும்? யாரு பண்ணுனது இது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. மூட்டுவலிக்கார மனுஷன், உடைந்து கூடிய கையோடு, பனியில் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். கிட்டேயே வராத ஆள். வீட்டில் உழைக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் விட அவருக்கு மனசு வரவில்லை.

"நான்தாம்மா பூசினேன். தெரியாம பண்ணிட்டேன்" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு விவரமாகப் போனில் பேசுகிற நீங்களா இப்படி என்று ஆரம்பித்து, மோட்டாரோடு கொடுத்த பேப்பரில் என்ன போட்டிருக்கிறது, எதைச் செய்யக் கூடாது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தாள். யார் எனக்குப் பாடம் எடுத்தாலும் பிடிக்காது. அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் ஒழுகுகிற குழாயில் வாளியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நனைத்து நனைத்து ஒவ்வொரு பேனலாகச் சுரண்டித் துடைத்தார். கடைசிப் பேனல் முடிவதற்குள் குழாயில் தண்ணீர் முழங்கை கனத்துக்கு வந்து விழுந்தது. நான் மடையை வெட்டிவிட ஓடினேன்.

சாயங்காலம் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு மொபெட்டை எடுத்தார். எங்கே என்று கேட்டேன்.

"குத்தகைக்குக் கேட்ட ஆளப் பாத்துட்டு வர்றேன்."

மூன்று நாள் காய்ந்ததில் மேட்டுப் பக்கம் கொஞ்சம் பதர் ஆகத்தான் போகிறது, அதை அவரும் பார்த்திருந்தார். பேச்சு பேச்சுதான். வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டவள் நான். ரசத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்க மறந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். கால் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் சோற்றை வைத்தேன்.

அவரே சொன்னார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நெலம் காலி இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எங்க வீட்ல பயிர் வெக்கிறாங்கன்னு சொன்னேன்."

அதுவரை அந்த வயலைப் பற்றி ஊரில் யார் கேட்டாலும் 'நான் பயிர் வைக்கிறேன்' என்றுதான் அவர் சொல்வார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரசம் இன்னும் கொதிக்கவில்லை, இருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.