வலிக்காத படம்

அந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் தலைமை டெக்னீஷியனுக்கு இளையவர்கள் வைத்திருந்த பெயர் இடுக்கி. அது அவருக்கும் தெரியும். மார்பகப் படம் எடுக்கும் மெஷினில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்த வேண்டும். அதற்கு முன் நெஞ்சோடு ஒட்டியிருக்கும் பின்பக்கச் சதையையும் சேர்த்து முன்னே இழுத்துக்கொண்டு வர வேண்டும். இதில் அவர் தயவுதாட்சண்யம் பார்த்ததில்லை. வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

"திட்டிட்டுப் போறவங்களப் பத்திக் கவலப்படாதீங்க," என்பார் இளையவர்களிடம். "வலிக்கவே இல்லன்னு வாழ்த்திட்டுப் போறாங்க பாருங்க, அவங்க படத்த இன்னொரு வாட்டி பாருங்க."

அவர் வீட்டில் இந்த வேலைக்குப் பெயரே கிடையாது. யாராவது கேட்டால் மாமியார், "எலும்புக்குப் படம் எடுக்கிறா," என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். மருமகளும் திருத்தியதில்லை.

அந்த மாமியார்தான் ஒருநாள் காலையில், பாத்திரம் தேய்த்தபடி, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "எனக்கும் அந்தப் படம் எடுக்கணுமாம். வயசானா எல்லாருக்கும் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. கண்டவங்க முன்னாடி என்னால நிக்க முடியாது. நீயே எடு."

மெஷின் அறையில் மாமியார் மேலங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"கைய எடுங்க அத்தை."

எடுத்தார். தினமும் ஊரையே தொடும் மருமகளின் கை அன்றைக்கு நகரவில்லை. விரல் நுனியால் தொட்டுத் தட்டின் மேல் வைத்து, மேல் தட்டை இறக்கி, பாதியில் நிறுத்தினார்.

"வலிக்குதா?" இப்படி அவர் யாரையும் கேட்டதே இல்லை.

"இல்லையே."

திரையில் படம் வந்தது. சாய்வாக எடுக்கும் படத்தில் மேல் மூலையிலிருந்து மார்புத் தசை முக்கோணமாக இறங்கி வர வேண்டும். வந்தால்தான் பின்பக்கம் முழுக்கப் படத்துக்குள் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் முக்கோணம் மூலையோடு நின்றுவிட்டது. பின்னால் இரண்டு விரல் அகலம் படத்திலேயே இல்லை. இளையவர் யாராவது இப்படி எடுத்திருந்தால் ஒரு வார்த்தை பேசவே வேண்டாம். ஒரு பார்வையிலேயே மறுபடி எடுக்க ஓடியிருப்பார்கள். மாமியார் அதற்குள் மேலங்கியைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

தன் பெயரைப் போட்டு அனுப்பினார். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவுக்கு அந்தப் பெயர் போதும். குறை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்.

மாமியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மருமகளின் வேலை முதல்முறையாகத் தெருவுக்கு வந்தது. "என்னமோ பயமுறுத்துறாளுங்க. எனக்கு வலியே தெரியல. எம் மருமக கை பூ," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது. மருமகள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார்.

அந்த வாரம், எடுத்த படங்களை எல்லாரும் உட்கார்ந்து அலசும் கூட்டத்தில், இளையவள் ஒருத்தியின் படத்தில் இதே குறை இருந்தது.

"அந்தம்மா ரொம்பக் கூச்சப்பட்டாங்கக்கா," என்றாள் அவள்.

"கூச்சம் அவங்களுக்கா, உனக்கா?"

வழக்கமாகக் கேட்பதுதான். கேட்ட பிறகு அவருக்கே காது மடல் சுட்டது. எல்லாரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அவர் எழுந்து நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனார்.

"எங்க அத்தை படத்த மறுபடி எடுக்கணும் டாக்டர். பின்பக்கம் வரல. எனக்கு அப்பவே தெரியும்."

டாக்டரம்மா படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்க பேர் இருந்துச்சு. அதுக்கு மேல நான் பார்க்கல," என்றார் கடைசியில். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமியார் கேட்டார்: "ஏன், மெஷின் கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மெஷினா வந்து மறுக்கப்போகிறது?

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்களத் தொடக் கூச்சமா இருந்துச்சு அத்தை. அரைகுறையா எடுத்துட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

"விட்ட எடத்துல ஏதாவது இருந்தா?"

"நாளைக்கே முழுசா எடுத்துப் பார்த்துடலாம் அத்தை."

மறுநாள் இடுக்கியின் கை தன் வேலையைச் செய்தது. இழுத்தது, பரப்பியது, அழுத்தியது. மாமியார் பல்லைக் கடித்தார்.

"அப்போ அன்னைக்கு நீ என்னதான் செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல அத்தை. மூச்சப் பிடிச்சுக்கங்க."

முக்கோணம் முழுசாக இறங்கியது. டாக்டரம்மா உடனே பார்த்தார். விட்டுப்போன அந்த இரண்டு விரல் அகலத்தில் ஒன்றுமில்லை. நிம்மதிதான். ஆனால் அங்கே ஒன்றுமில்லாமல் போனதில் தன் பங்கு எதுவும் இல்லை என்பது மருமகளுக்குத் தெரியும்.

அடுத்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்தார். பெஞ்சில் காத்திருந்த பெண், வெளியே வந்த மாமியாரைத் தடுத்து மெதுவாகக் கேட்டாள்: "ரொம்ப வலிக்குமாம்மா?"

மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ இவளுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"அப்போ நல்லாப் பார்ப்பா. தைரியமா உள்ள போ."

கதவைப் பிடித்தபடி நின்ற மருமகள், அந்தப் பெண் உள்ளே போகும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.