டாக் அடா

மலேசியாவில் ஈப்போவுக்கு வந்த புதிதில் என் நாக்குக்கு வராத சொல் ஒன்றுதான். அடா. மலாயில் அடா என்றால் ‘இருக்கு’. அவ்வளவுதான் அர்த்தம். ஆனாலும் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாளைக்கு நூறு பேராவது வந்து நின்று “அடா ரொட்டி?” என்று கேட்பார்கள். எனக்குத் திக்கென்று இருக்கும். எங்கள் ஊர் நாச்சியாபுரம் பக்கம் பெரியவர்களை அடா போட்டுப் பேசினால் அன்றைக்குப் பஞ்சாயத்துதான். வாரீக, போறீக, சாப்புட்டீகளா என்று பேசிய வாய் இது. அதனால் நானாக ஒரு வழி செய்துகொண்டேன். சாமானை முன்னால் சொல்வேன். அடாவைக் கடைசியில் மெல்லச் சொல்வேன். “ரொட்டி அடா.” அப்போது அது ஆளைச் சொன்ன மாதிரி இருக்காது, ரொட்டியைச் சொன்ன மாதிரி இருக்கும். இப்படியே ஏழு வருடம் ஓட்டிவிட்டேன். போன வருடம் ஒரு டாக் வாங்கப் போன இடத்தில்தான் இந்த மரியாதை என் காலை வாரிவிட்டது.

டாக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கே போன வருடம்தான் தெரியும். கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்ணாகக் கிடக்கிறது. ஒன்று, சைபர், ஒன்று, சைபர். ஸ்பீக்கருக்கு எண் தெரியாது, கரண்டின் ஏற்ற இறக்கம்தான் தெரியும். நடுவில் இருந்து அதை இதாக மாற்றுவது டாக். எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் சின்னதாக ஒன்று உண்டு. மட்டமான கம்ப்யூட்டரில் அதுவும் மட்டம். உள்ளே ஓடுகிற மற்ற வேலைகளின் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்படிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தனி டாக் ஒன்றை வாங்கி வெளியே மாட்டிக்கொள்ளலாம். நான் எட்டாவதோடு நின்றவன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஊரில் எனக்கு ஒரு மைக் செட் இருக்கிறது. நான் கிளம்பி வந்த பிறகு என் மனைவியின் தம்பி முத்துராசு நடத்துகிறான். ஒரு ஆம்ப்ளிபயர், ரெண்டு பாக்ஸ், மரத்தில் கட்டுகிற குழாய் நாலு. குழாய் நாலிலும் ‘கருப்பையா செட்’ என்று பெயின்டில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். வீடு மனைவி பெயரில். வயல் அண்ணன் பெயரில். ஊரில் என் பெயர் இருக்கிற இடம் அந்தக் குழாய் மட்டும்தான். நான் இருந்த வரைக்கும் சிடி. முத்துராசு பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக் கோத்துவிட்டான். அன்றிலிருந்து மவுஸை நகர்த்தினால் குழாய் கீச்சென்று கத்தும். நிறுத்தினால் நிற்கும். செட்டுக்குள் எலி புகுந்துவிட்டது என்று ஊரே சொன்னது. இவனும் நம்பி, ஆம்ப்ளிபயர் பக்கத்தில் கருவாடு வைத்து எலிப்பொறி போட்டான். எலியும் ஒன்று விழுந்தது. கீச்சு நிற்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய புரவியெடுப்பில்தான் வினை வந்தது. மண் குதிரைகளை அய்யனார் கோவிலுக்குத் தூக்கும் முன்னால், ஊர்த் தலைவரான அம்பலம் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவது வழக்கம். அவர் பேச, முத்துராசு அடுத்த பாட்டைத் தேடி மவுஸை உருட்டியிருக்கிறான். அவர் ஒன்று சொல்ல, குழாய் ஒன்று சொல்ல, சனம் சிரித்துவிட்டது. அம்பலம் இறங்கி வந்து சொன்னாராம்: “அடுத்த தடவையும் எலிதான் பேசும்னா முன்கூட்டியே சொல்லிருங்கப்பா. நான் வீட்டுல இருந்துக்கிறேன். இல்லாட்டி கல்லல் டவுன்ல இருந்து வேற செட்டு கொண்டாந்துக்கிருவோம்.”

அதற்கடுத்த வருடம் மழையைக் காட்டித் திருவிழாவைத் தள்ளிப் போட்டார்கள். முத்துராசு, எலிக்குப் பயந்துதான் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். போனில் அழாத குறை.

“மச்சான், டாக்குன்னு ஒண்ணு இருக்காம். அத மாட்டுனா எலி போயிருமாம். ஒண்ணு வாங்கி விடுங்களேன்.”

“சார்ஜரக் கழட்டிப் பாத்தியா?”

“பாத்தாச்சு. உம்முனு ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல, அது போயிருச்சு. எலி மட்டும் இருக்கு.”

“எந்த மாதிரி வாங்க? என்ன வெலைக்கு?”

“அதெல்லாம் நீங்க பாத்துக்கிருவீக.”

வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

கடை விடுமுறை அன்று ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனேன். சீனப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“டாக் அடா?” என்றேன்.

அவர் அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்பா?” என்றார். அப்பா என்றால் இங்கே ‘என்ன’. அது எனக்குப் பழகிவிட்டது.

“டாக் அடா?”

“அடா, அடா,” என்று கடை முழுக்கக் கையை வீசிக் காட்டினார். இருக்கு, இருக்கு.

எனக்குச் சந்தோஷம். எடுத்துத் தருவார் என்று நின்றேன். நான் ஏதாவது எடுப்பேன் என்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். மறுபடியும் அடா என்றார், இந்தத் தடவை முகத்தைச் சுளித்து.

கொஞ்சம் பிந்தித்தான் எனக்கு உறைத்தது. மலாயில் ‘தாக் அடா’ என்றால் ‘இல்லை’. ரொட்டி தீர்ந்துபோனால் நானே தினமும் சொல்வதுதான். என் டாக் அவர் காதில் தாக் ஆகிவிட்டது. ஒருவன் கடைக்குள் வந்து “இல்லையா? இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பாவம், அவர் என்ன செய்வார். எல்லாரையும் போல அடாவை முன்னால் போட்டிருந்தால் வம்பே இல்லை.

ஒரு பில்லின் பின்பக்கம் படம் போட்டேன். லேப்டாப், ஒயர், குழாய். குழாய்க்குள் ஒரு எலி. பெரியவர் பார்த்துவிட்டு, எலி மருந்து விற்கிற அடுத்த கடையைக் கை காட்டினார். நான் அவருடைய மவுஸைப் பிடித்தேன். நகர்த்தி, “கீச்” என்றேன். நிறுத்தினேன். நகர்த்தினேன். “கீச்.”

பெரியவர் முகம் தெளிந்தது. “ஓ. டி, ஏ, சி,” என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

மூன்று எடுத்து வைத்தார். ஒன்று பல்லி வால் போல ஒயரோடு இருந்தது. விலை குறைவுதான், ஆனால் முத்துராசு கையில் அந்த வால் ஒரு திருவிழா தாங்காது. இன்னொன்று டிபன் பாக்ஸ் அளவு, பெரிய திருகும் நீல விளக்கும். அதன் மேல் எழுதியிருந்த எண்களைப் பெரியவர் ஒவ்வொன்றாக வாசித்தார். என்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். போனில், புளியமரத்தில் கட்டியிருந்த என் குழாயைக் காட்டினேன். அவர் டிபன் பாக்ஸை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நல்ல மனிதர்.

மிச்சம் இருந்தது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ரெண்டு ஓட்டை, என் ஆம்ப்ளிபயரில் இருப்பது போலவே. தனிக் கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மாட்டினால் போதும், உள்ளே எதையும் ஏற்ற வேண்டியதில்லை. மாட்டி, பெரியவர் பாட்டுப் போடப் போனார். வேண்டாம் என்றேன். ஒன்றும் போடாமல் சத்தத்தை முழுசாகக் கூட்டச் சொன்னேன். மவுஸை உருட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பாட்டே கேட்காமல் டாக் வாங்கின முதல் ஆள் நீதான் என்றார். இந்த ஊரில் சத்தம் கூடினால் புகார். எங்கள் ஊரில் சத்தம் குறைந்தால் புகார். அதை அவருக்கு விளக்க என்னிடம் மலாய் இல்லை.

ஊருக்குப் போன ஒருவர் பெட்டியில், தைல பாட்டில்களுக்கு நடுவில் வைத்து அனுப்பினேன். வந்து சேர்ந்ததும், எலிக்கு இந்த வாசனையே போதும் மச்சான் என்றான் முத்துராசு.

இந்த வருடம் புரவியெடுப்பு நடந்தது. அங்கே மத்தியானம் மூன்று மணி. இங்கே ஐந்தரை, தேநீருக்குக் கூட்டம் நெரிகிற நேரம். போன் வந்தது.

“மச்சான், கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கல.”

“நல்லாக் கேளுங்க. குழாய்க்குக் கீழதான் போனப் பிடிச்சிருக்கேன்.”

“கேக்கலடா. லைன் போச்சா?”

“லைனெல்லாம் இருக்கு. மவுஸ உருட்டிக்கிட்டே இருக்கேன் மச்சான். அம்பலம் மைக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக.”

பிறகு அவர் குரல் வந்தது. “என்னப்பா, இன்னைக்கு எதுத்துப் பேச ஆளக் காணோம்?” சனம் சிரிப்பது கேட்டது. “செட்டு நம்ம கருப்பையா செட்டு. ஆளு மலேசியாவுல இருக்காப்ல.” என் பெயர் எழுதிய குழாயிலிருந்து என் பெயர் வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

கோப்பை கழுவும் இந்தோனேசியப் பெண், வேலையை விட்டுவிட்டு நிற்கிற என்னைப் பார்த்து வந்தாள். “அப்பா அடா?” என்றாள். என்ன இருக்கு.

“டாக் அடா,” என்றேன்.

ஒன்றும் இல்லையாம் என்று அவள் திரும்பிப் போய்விட்டாள். டாக் இருக்கிறது என்றுதான் நான் சொன்னேன்.