படத்தின் மேல் போட்ட நம்பர்

நாமக்கல் பைபாஸ் ஓரம், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அறக்கட்டளை. வீட்டை விட்டுப் போனவர்களையும், புத்தி தடுமாறித் திரிகிறவர்களையும் தேடிக் குடும்பத்தோடு சேர்ப்பது அதன் வேலை. தலைவர், செயலாளர் என்று பெரிய மனிதர்கள் உண்டு. மேடை போட்டால் வருவார்கள். வேலையைச் செய்கிறவள் சௌந்திரம். அறக்கட்டளையின் பேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப்பும் அவள் கையில்தான்.

அவளை யாரும் பிடித்து இதில் தள்ளிவிடவில்லை. அவளுடைய அண்ணன் மனசு சரியில்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். நாக்பூர்ப் பக்கம் ஒரு டிரைவர் அவரைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். இவள் ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் எழுந்து நடந்துவிட்டார். போனவர் போனவர்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கக் கூடாதா என்று முகம் தெரியாத அந்த டிரைவரை எத்தனை நாள் திட்டித் தீர்த்திருப்பாள்!

அந்த ஆத்திரத்தில்தான் தொழில் பழகினாள். நீளமாக எழுதினால் ஒருவரும் படிப்பதில்லை, முகம் பெரிதாக இருக்க வேண்டும். லாரிக்காரர்கள் டீக்கு நிறுத்துகிற சாயங்கால வேளையில் போட்டால் படம் காஷ்மீர் வரை போகும். கை மாறும்போது எழுத்து உதிர்ந்து படம் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே குடும்பத்தாரின் நம்பரைப் படத்தின் மேலேயே போட்டுவிடுவாள். கீழே சிவப்பில் ஒரு வரி: 'வீட்டார் வரும்வரை அன்பாக நிறுத்தி வையுங்கள்.' அது அண்ணனுக்காகப் போட்ட வரி. எத்தனையோ பேர் அதனால் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

ஒரு நாள் ஜெயபிரகாஷ் என்பவர் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டங்காடு, போர்வெல் போடுகிற ரிக் வண்டி எல்லாம் உள்ளவர். கையில் கல்யாணப் படம்.

"எம் பொண்டாட்டி கிருத்திகாங்க. புத்திக்கு மாத்திரை சாப்புடறவ. சாப்புடாமயே கெளம்பிப் போயிட்டாளுங்க."

போலீஸ் புகாரின் நகலைக் கேட்பது அங்கே வழக்கம். சௌந்திரமும் கேட்டாள்.

"ஸ்டேஷனுக்குப் போனா ஊரே சிரிக்குமுங்கக்கா," என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுகிற ஆம்பிளையைக் கண்டால் நமக்கெல்லாம் மனசு இளகிப்போகிறதே, அது என்ன சாபமோ! நகல் இல்லாமலே படத்தைப் போட்டாள். போட்டாயிற்றா, போட்டாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவர் படி இறங்கினார். கீழே போய் யாரிடமோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. பாவம், நிம்மதியில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அலுவலக நம்பருக்கு ஒரு போன் வந்தது.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கறவ நாந்தானுங்க. எனக்கு ஒரு நோவும் இல்லீங்க, மாத்திரையும் இல்லீங்க. தலகாணிய மொகத்துல வெச்சு அமுக்குனாரு, தப்பிச்சு வந்திருக்கறனுங்க. இங்க வேலைக்கு வர்றவங்க போன்லயெல்லாம் எம் மொகம் இருக்குது. எடுத்துப்போடுங்கக்கா, உங்க கால்ல வுழறேன்."

சௌந்திரம் பேனாவை எடுத்தாள். "எங்கிருக்கற சாமி? வண்டி அனுப்பறேன், சொல்லு."

"உங்ககிட்ட எப்படீங்க சொல்லுவேன்? நான் இங்கிருந்து கெளம்பறேன்." போனை வைத்துவிட்டாள்; சௌந்திரம் திரும்ப அடித்தபோது ஸ்விட்ச் ஆஃப்.

பேஸ்புக் பக்கத்திலிருந்து படத்தை உடனே எடுத்துவிட்டாள். எடுத்து என்ன? குரூப் குரூப்பாகப் போய்விட்டதை எந்தக் கையால் திரும்ப வாங்குவது? 'தேட வேண்டாம், பிடித்து வைக்க வேண்டாம்' என்று புதிதாக ஒன்று போட்டாள். தேடச் சொன்னால் ஊரே ஓடும். தேடாதே என்றால் அதை யார் மெனக்கெட்டு அனுப்புவார்கள்? போலீசுக்குச் சொன்னாள். ஆள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டார்கள். சௌந்திரத்துக்கே தெரியாது.

அதன்பிறகு போன் மணி அடிக்கவில்லை. எப்போதும் அவளுக்குப் பிடித்த அமைதி அது; தகவல் நேரே வீட்டாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் நேரே ஜெயபிரகாஷின் நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம், சரியாக டீ வேளையில், காளிதாஸ் கூப்பிட்டான். அவளுக்காக எத்தனையோ பேரைத் தேடிக் கொடுத்த லாரி டிரைவர்.

"அக்கா, கண்டுபுடிச்சுட்டமுங்க! கெங்கவல்லி பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறப் பாத்தாங்க. படத்துல இருந்த நம்பருக்கு அடிச்சேன். மத்தியானமே எவனோ தகவல் சொல்லி, அவரு ஆத்தூரே தாண்டிட்டாராமுங்க, இப்ப வந்துருவாரு."

"காளிதாசு, அவள உட்டுரு! பஸ் ஏத்திவுடு. அவன் கொன்னுபோடுவான்!"

"அந்த அம்மிணியும் அதையேதானுங்க சொல்லி அழுவுது." பஸ் ஹாரனுக்கு மேல் அவன் குரல் பெருமையோடு கத்தியது. "புத்தி தடுமாறுனவங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? பதறாதீங்க. உங்க அண்ணன உட்ட மாதிரி உட்டுருவமா? டீ வாங்கிக் குடுத்து ஒக்கார வெச்சு, சுத்தி நின்னுக்கிட்டிருக்கறோம்."

"ஐயோ, அவளுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது! நாந்தான் ஏமாந்துட்டேன். உடுடா சாமி, உன்னக் கும்புடறேன், உடு!"

ஹாரன் நின்றது. காளிதாஸின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அக்கா... கார் வந்து நின்னுருச்சுங்களே."